பிட்டோடு சேரும் சில்லறைச் சாமான்கள்: எதை மாட்டலாம், எப்படி மாட்டலாம்

ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரையை வாங்கி வருகிறவர்கள், கூடவே ஒரு பை நிறைய ரப்பர், சங்கிலி, தோல்வார் என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். சென்னைக்கு வெளியே ஒரு லாயத்தில் சேண அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சவாரியும் சொல்லித் தருகிறேன். அந்தப் பை கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். கொட்டிப் பார்த்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எதையும் மாட்டுவதற்கு முன்னால் பிட், அதாவது கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் இரும்பு, அளவு சரியா என்று பாருங்கள். வாயில் வைத்து, நடு மூட்டை நேராக்கிப் பிடித்தால், இரண்டு உதட்டோரத்திலும் கால் அங்குலம் வெளியே தெரிய வேண்டும். அதற்கும் குறைந்தால் உதடு நசுங்கும். அதிகமானால் பிட் வாய்க்குள் இடமும் வலமும் நழுவிக்கொண்டே இருக்கும். பல் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் அந்தச் சின்னப் பல் பிட்டில் இடித்துக்கொண்டிருந்தால், எந்த ரப்பரும் உதவாது.

சரி, ரப்பர் வளையத்துக்கு வருவோம். தட்டையாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும் பிட் கார்டைத்தான் சொல்கிறேன். பிட்டின் பக்க வளையம் சுழலக்கூடிய வகையாக இருந்தால், வாயிரும்பில் அது நுழையும் ஓட்டையில் உதட்டோரத் தோல் மாட்டிக் கிள்ளும். கார்டு அதைத் தடுக்கும். ஒரு பக்கம் பலமாக இழுக்கும்போது வளையம் வாய்க்குள் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளும். கார்டின் தடிமனுக்கும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மெல்லிய கார்டு என்றால் அந்தக் கால் அங்குலத்திலேயே அடங்கும், தடித்தது என்றால் பிட்டை ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். டிரெஸ்ஸாஜ் (குதிரையின் நடையழகையும் பணிவையும் பார்த்து மதிப்பெண் தரும்) போட்டிக்குப் போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் கழற்றிவிட வேண்டும், அங்கே இதற்கு அனுமதி இல்லை.

மாட்டுவதில்தான் எல்லோருக்கும் நகம் பெயர்கிறது. கார்டைக் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு வையுங்கள். முழ நீள நைலான் கயிறு இரண்டை எடுத்து, இரண்டையும் ஓட்டைக்குள் நுழைத்து, தனித்தனி வளையமாக முடிந்துகொள்ளுங்கள். ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, மற்றதை உங்கள் பக்கம் இழுத்தால் ஓட்டை நீளவாக்கில் வாயைத் திறக்கும். பக்கத்தில் இருப்பவர் பிட் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி அந்த வாய்க்குள் சொருகட்டும். வளையம் முழுக்க உள்ளே போய், கார்டு வாயிரும்பின் நுனியில் உட்கார்ந்ததும் கயிறுகளை உருவிவிடலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும் என்பார்கள். போகும்தான். ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி, இளகி, சீக்கிரம் கிழிந்துவிடும்.

கார்டிலேயே ஒரு பக்கம் குச்சு குச்சாக முள் வைத்தும் விற்கிறார்கள். ஒரு பக்கமாகச் சாயும் குதிரைக்கு, அது சாயும் பக்கத்தில் மாட்டிக் கன்னத்தைக் குத்த வைப்பதற்கு. நம் ஊரில் காலங்காலமாக இருந்த முள் கடிவாளத்துக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. சவாரிக்கோ வண்டிக்கோ முள் வைத்த பிட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின் 8-ஆவது விதி சொல்கிறது. அந்த விதி இல்லாவிட்டாலும் என் சேண அறைக்குள் இது வராது. குதிரை சாய்கிறது என்றால் பல்லையும் முதுகையும் பாருங்கள், அப்புறம் உங்கள் கையையும் பாருங்கள்.

அடுத்தது தாடைச் சங்கிலி. பெல்ஹாம், கிம்பிள்விக் மாதிரி, லகானை இழுத்தால் நெம்புகோல் போலத் தாடையை அழுத்தும் பிட்டுகளுக்கு இது வேண்டும். வலது கொக்கியில் மாட்டிவிட்டு இடது பக்கம் வந்து, சங்கிலியை வலஞ்சுழியாக முறுக்குங்கள். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தடவினால் நாடா மாதிரி வழவழப்பாகும் வரை முறுக்க வேண்டும். நடுவில் தொங்கும் தனி வளையம் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். முதலில் கடைசிக் கண்ணியைக் கொக்கியில் போடுங்கள், பிறகு தேவையான கண்ணியை, கட்டைவிரல் நகம் மேலே பார்க்கும்படி பிடித்து மாட்டுங்கள். சங்கிலி தாடைக்கு அடியில் உள்ள பள்ளத்தில் படுக்க வேண்டும், மேலே ஏறி எலும்பில் உரசக் கூடாது. இப்போது லகானை இழுத்துப் பாருங்கள். பிட்டின் கால், அதாவது பக்கவாட்டில் கீழே நீளும் கம்பி, ஏறத்தாழ 45 டிகிரி பின்னால் வந்ததும் சங்கிலி பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் இறுக்கம், ஒரு கண்ணி தளர்த்துங்கள். தோல் மெலிந்த குதிரைக்கு ரப்பர் உறையோ ஆட்டுரோம உறையோ போடலாம். சங்கிலியின் நடு வளையத்தில் கோக்கும் சின்னத் தோல்வாரைத் தேவையில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். சங்கிலி கழன்றாலும் கீழே விழாமல் அதுதான் பிடித்து வைக்கும்.

பெல்ஹாமின் மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் இணைக்கும் தோல் வளைவு ஒன்று உண்டு. இரண்டு லகான் பிடிக்கத் திணறும் சிறுவர்களுக்கு நல்லது. இரண்டு லகானுக்கும் தனித்தனியாக உள்ள வேலை இதில் கலந்துவிடும் என்பதால், பெரியவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

நாக்கை பிட்டுக்கு மேலே தூக்கிப் போடும் பழக்கம் ரேஸ் குதிரைகள் சிலவற்றுக்கு உண்டு. அதற்கென்று மூக்கின் நடுவே ஏறி, தலைவாரில் போய் மாட்டும் ரப்பர் பட்டை இருக்கிறது. அது பிட்டைச் சற்று உயரத்தில் தாங்கிப் பிடிக்கும். அதை வாங்கும் முன் கன்னத்து வாரில் ஒரு ஓட்டை ஏற்றிப் பாருங்கள். தொங்கும் பிட்டைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தாலே சில குதிரைகள் பழக்கத்தை விட்டுவிடும்.

ரன்னிங் மார்ட்டிங்கேல் (குதிரை தலையை மிக உயரத் தூக்காமலிருக்க, லகான்கள் நுழைந்து ஓடும் இரண்டு வளையம் வைத்த மார்பு வார்) போட்டால் லகானில், பிட்டிலிருந்து சுமார் 10 அங்குலத்தில், ரப்பர் தடுப்பு கட்டாயம். இல்லாவிட்டால் மார்ட்டிங்கேல் வளையம் முன்னால் ஓடிப் பக்கிளில் மாட்டிக்கொள்ளும், குதிரை மிரளும்.

ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் ரப்பர் வெகு நாள் தாங்காது. கார்டை மடக்கிப் பார்த்து விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் இழுத்துக் கழற்ற மெனக்கெட வேண்டாம், கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது மாட்டுங்கள். மாற்றுவது என்றால் ஜோடியாக மாற்றுங்கள்.