எட்வர்டியக் கட்டடம்: வெடிப்பைப் பூசுவதற்கு முன்

வெளியே கல் தூணும் பூமாலைச் செதுக்கலும் குவிமாடமும், உள்ளே எஃகு. எட்வர்டியக் காலத்தில், அதாவது 1901 முதல் முதலாம் உலகப் போர் வரை, பிரிட்டிஷ் நகரங்களில் எழுந்த ஆடம்பரக் கட்டடங்கள் பலவும் இப்படித்தான். பழுதுபார்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முகப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். சாரம் கட்டுவது, கலவை அளப்பது போன்ற அரிச்சுவடியை இங்கே விட்டுவிட்டு, அவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

கல்தான் தாங்குகிறது என்று நம்புவது

லண்டன் ரிட்ஸ் ஹோட்டல் 1906-இல் திறக்கப்பட்டது. கீழே நார்வே கிரானைட், மேலே போர்ட்லேண்ட் சுண்ணாம்புக்கல். சுமை முழுக்க எஃகுச் சட்டகத்தின் மேல். ஆனால் அன்றைய கட்டட விதி சட்டகத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் சுவரையும் சுமைதாங்கிச் சுவர்போலத் தடிமனாகவே எழுப்பினார்கள். 1909-இல் சட்டம் மாறிய பிறகுதான் லண்டனில் மெல்லிய சுவருக்கு வழி பிறந்தது. கட்டிய ஆண்டு தெரியாமல் கல்லின் தடிமனை ஊகிக்காதீர்கள். லிவர்பூலின் ராயல் லிவர் கட்டடம் (1911) வேறு சாதி: கிரானைட்டுக்குப் பின்னால் இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட்.

வெடிப்பைச் சிமென்டால் அடைப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. கட்டடத்தின் மூலையில் செங்குத்தாக ஒரு கோடு, அல்லது தள மட்டத்தில் கிடையாக ஒரு கோடு. உடனே ஆங்கிள் கிரைண்டரால் கீறி, சிமென்டைத் திணித்து, கல் நிறத்தில் தடவிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அதே கோடு திரும்பி வரும். கூடவே கல்லின் விளிம்பும் பெயர்ந்து விழும்.

அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது உள்ளிருக்கும் தூணோ உத்தரமோ போகும் தடம். அந்தக் காலத்தில் எஃகை ஒட்டியே கல்லை அடுக்கி, இடைவெளியைக் காரையும் செங்கல் துண்டும் போட்டு நிரப்பினார்கள். கார்னிஸ் (சுவர் உச்சியில் முன்னால் நீட்டிய கல் விளிம்பு) மேலோ, அடைபட்ட மழைநீர்க் கால்வாயிலோ நுழைந்த நீர் அந்த நிரப்பலில் ஊறி எஃகைத் தொடுகிறது. துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். விரிய இடமில்லாததால் கல்லை வெளியே தள்ளுகிறது. மேலே சிமென்ட் பூசினால் உள்ளே போன நீர் உலர வழியும் போயிற்று!

முதலில் மேலே ஏறி நீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள். பிறகு கல்லைத் தொடாமல், இரு கற்களுக்கிடையேயான இணைப்பில் சிறு துளையிட்டு எண்டோஸ்கோப்பால் (மெல்லிய குழாய்க் கேமரா) எஃகைப் பாருங்கள். செதில் செதிலாக உரிந்தால் கல்லைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. துருவைச் சுரண்டி, எஞ்சிய தடிமனை அளந்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, எஃகுக்கும் கல்லுக்கும் இடைவெளி விட்டு மீண்டும் அடுக்க வேண்டும். துரு ஆரம்ப நிலையில் இருந்தால், இணைப்புகளில் நேர்மின்முனைகளைப் புதைத்துச் சிறு நேர்மின்சாரம் செலுத்தித் துருவை அடக்கும் கத்தோடியப் பாதுகாப்பு உதவும். ஆனால் சட்டகத்தின் உறுப்புகளுக்கிடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று முன்பே சோதிக்காவிட்டால் பணம் வீண்.

மணல் வீச்சு

அழுக்கைப் போக்க இது வேண்டாம். முகப்பில் பதித்த சுடுமண் ஓட்டின் மெருகுப் பூச்சை மணல் உரித்துவிடும்; அதை இழந்த ஓடு நீரைக் குடிக்கும்.

மெல்லிய இணைப்பில் கிரைண்டர்

சில மில்லிமீட்டர் இணைப்பில் கிரைண்டரின் தகடு நுழையாது; கல்லைத்தான் தின்னும். கைக்கருவி போதும், சுண்ணாம்புக் காரை போதும்.

கார்னிஸ் மேல் நீளமான ஈயத் தகடு

வெயிலில் நீண்டு, குளிரில் சுருங்கிக் கிழியும். ஒரு துண்டு பொதுவாக 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது.