லிமோன்செல்லோ: தோலை ஒடித்துப் பாருங்கள்

எலுமிச்சைத் தோலை ஆல்கஹாலில் ஊறவைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு மதுபானம்தான் லிமோன்செல்லோ. அதற்கு ஊறும் தோலில் ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். வெளிறிப்போய், அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிந்தால் உடனே வடிகட்டிவிடலாம். சில செய்முறைகள் சொல்வதுபோல் 40 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வாசனை எண்ணெய் மஞ்சள் தோலில்தான் இருக்கிறது (அடியிலுள்ள வெள்ளைப் பகுதி வெறும் கசப்பு, சீவும்போதே விட்டுவிடுங்கள்). இத்தாலியக் கடைகளில் கிடைக்கும் 95 சதவீத ஆல்கஹால் அந்த எண்ணெயோடு தோலின் ஈரத்தையும் இழுத்துவிடுவதால்தான் தோல் மொறுமொறுவென்று ஆகிறது. பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே இந்தப் பதம் வந்துவிடும்.

40 சதவீத வோட்காவில் ஊறவைத்தால் இது சரிவராது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், தோல் வளையுமே தவிர ஒடியாது. அப்போது நிறம்தான் கணக்கு: மஞ்சள் நன்றாக வெளுக்கும்வரை, மூன்று நான்கு வாரம் ஆனாலும், விட்டுவையுங்கள்.