லூப்புக்குள் கமிட் போடும் முன்

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் சும்மா நிற்கும் அந்த நாட்களில்தான் பாம்பனில் எனக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவர், படகுக்காரர்களோடு முன்பணக் கணக்கைப் பார்ப்பார். அவருக்குப் பைதானில் ஒரு லூப் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு படகின் பாக்கியிலும் தொகையைக் கழித்து ஒரு கமிட், அதாவது மாற்றத்தை டேட்டாபேஸில் நிலையாக்குவது. அப்புறம் ‘கழித்தாயிற்று’ என்று குறித்து இன்னொரு கமிட். இரண்டுக்கும் நடுவில் கரன்ட் போனது. மறுபடி ஓட்டினேன். “தம்பி, ஒரு படகுக்கு ரெண்டு தரம் கழிச்சிருக்கியே” என்றார் அண்ணன்.

கழிப்பதும் குறிப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒன்று, இரண்டும் நடக்கும்; அல்லது இரண்டுமே நடக்காது. பயமில்லாமல் மறுபடி ஓட்டலாம்.

டேட்டாபேஸிலிருந்து ரிசல்ட்டை வரிசை வரிசையாக எடுத்துத் தருவது கர்சர். படிக்கும் கர்சரிலேயே அப்டேட்டையும் எக்ஸெக்யூட் செய்வது அடுத்த தவறு. மீதி ரிசல்ட் அத்தோடு போச்சு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பைதானை இணைக்கும் சைக்கோபிஜி2 என்றால் எரர் கொடுத்துக் காப்பாற்றும். ஒரே ஃபைலில் இருக்கும் சிறு டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டில் முதல் படகோடு லூப் சத்தமில்லாமல் முடிந்துவிடும், இதுதான் ஆபத்து. எழுத இன்னொரு கர்சர் வையுங்கள்.

போஸ்ட்கிரெஸில் பெயர் வைத்த கர்சர் சர்வரில் இருப்பது. அதன் ஆயுள் டிரான்சாக்‌ஷன் முடியும் வரைதான். லூப்புக்குள் கமிட் போட்டுவிட்டு அடுத்த படகைக் கேட்டால் கர்சர் செல்லாது என்று எரர் வரும். கமிட்டுக்குப் பிறகும் கர்சர் நிலைக்க ‘வித்ஹோல்ட்’ போட்டுத் திறக்கலாம், அல்லது எழுத மட்டும் தனி கனெக்‌ஷன் வைக்கலாம். நூறு, இருநூறு படகுக்கு இதெல்லாம் எதற்கு? ஃபெட்ச்ஆல் போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக லிஸ்ட்டில் வாங்கிக்கொண்டாலே போதும். லட்சக்கணக்கில் இருந்தால், கடைசியாகப் பார்த்த ஐடிக்கு மேல் ஐநூறு ஐநூறாக எடுப்பேன்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ‘எக்ஸெப்ட், பாஸ்’ போட்டு எரரை விழுங்குவது. போஸ்ட்கிரெஸில் ஒரு படகின் அப்டேட் தவறினால் மொத்த டிரான்சாக்‌ஷனும் கெட்டுவிடும். பின்னால் வரும் அப்டேட் எதையும் ஏற்காது. பாஸ் அந்த எரர்களையும் விழுங்கிவிடும். கடைசியில் போடும் கமிட்டோ எரர் கூடக் காட்டாமல் ரோல்பேக்காக, அதாவது எல்லாம் பழையபடி திரும்பி, முடியும். திரையில் எல்லாம் சரி, டேபிளில் ஒன்றும் மாறியிருக்காது. ஒவ்வொரு படகுக்கும் முன்னால் ஒரு சேவ்பாயின்ட் (திரும்பி வர ஓர் அடையாளம்) வைத்து, தவறினால் அதுவரை மட்டும் திரும்புங்கள். தவறிய படகின் எண்ணை மறக்காமல் லாக்கில் எழுதுங்கள், அந்தப் படகுக்காரர் கேட்டு வருவார்.