கிடைக்காத காலத்தில் குப்பைக்குப் போகும் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020-இல், கடை எப்போது திறக்கும் எப்போது மூடும் என்றே தெரியாத நாட்களில், நானும் எல்லோரையும் போல ஒரு காரியம் செய்தேன். வழக்கமாக இரண்டு கிலோ வாங்கும் முழுக்கோதுமை மாவை ஒரேயடியாகப் பதினைந்து கிலோ வாங்கி வைத்தேன். மூன்றாவது மாதம் பையைப் பிரித்தால் சிக்கு வாடை. வாயில் வைத்தால் கசப்பு. பாதிக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று. அந்த மாவுக்காக வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் நின்றவருக்கு மாவு தீர்ந்துபோனது. பணம் போனதை மறந்துவிட்டேன், அவர் வெறும் பையோடு திரும்பியது மட்டும் மறக்கவில்லை.

தட்டுப்பாடு வந்தால் தானாகவே சிக்கனம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். தட்டில் மிச்சம் வைப்பது குறைகிறது, உண்மைதான். ஆனால் வீணாவது தட்டிலிருந்து அலமாரிக்கும் ஃப்ரிட்ஜின் பின்வரிசைக்கும் இடம் மாறிவிடுகிறது. காரணம் அலட்சியம் இல்லை, பயம். ‘நாளைக்குக் கிடைக்காதோ’ என்ற பயம் தேவைக்கு மேல் வாங்க வைக்கிறது. அதே பயம், கெட்டுப்போனதையும் தூக்கிப் போட விடாமல் சாப்பிட வைக்கிறது. இந்த இரண்டு முனையிலும்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையைப் பார்த்தால், 2022-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளும் இந்தக் கணக்கில் சேரும். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது. தலைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 79 கிலோ. உணவகங்களும் கடைகளும் நமக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி சேர்த்து வைப்பது

சேர்த்து வைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வாரத்துக்கு இருப்பு இருந்தால் மனசுக்கு நிம்மதி. எதைச் சேர்ப்பது என்பதில்தான் தப்பு நடக்கிறது. தவிடு நீக்கிய வெள்ளை அரிசியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரமில்லாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தவிடு நீக்காத பழுப்பரிசியை அப்படி வைக்க முடியாது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அது காற்றுப் பட்டுச் சிக்கு ஏறும். ஆறு மாதம் தாண்டுவதே கஷ்டம். முழுத்தானிய மாவின் கதையும் இதுதான், அரைத்துவிட்டதால் இன்னும் சீக்கிரம். என் பதினைந்து கிலோவுக்கு நடந்தது அதுவே. உடல்நலத்துக்கு நல்லது என்று நாம் மதிக்கிற பொருள்கள் பெரும்பாலும் சேமிப்புக்கு ஏற்றவை அல்ல.

பருப்பும் பயறும் கெட்டுப்போகாது, ஆனால் வேறு ஒரு வகையில் நம்மைச் சோதிக்கும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நீண்ட நாள் கிடந்தால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கல்லாகவே இருக்கும். எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு என்றால் இரட்டை நஷ்டம். இரவு ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கொஞ்சம் வழிக்கு வரும். அதைவிட, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்கி, பழையதை முதலில் எடுப்பது நல்லது. பாதி தீர்ந்த டப்பாவின் மேலேயே புதிதாக வாங்கியதைக் கொட்டுவதுதான் பெரிய தப்பு. அடியில் கிடப்பது வெளிச்சத்தையே பார்க்காது. அதில் வண்டு இருந்தால் புதியதும் போச்சு.

வண்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளேயே முட்டையிடும். அதனால் கடையில் சுத்தமாகத் தெரிந்த அரிசியிலிருந்தும் ஒரு மாதம் கழித்து வண்டு வரலாம். வாங்கியதும் சிறு சிறு பைகளாகப் பிரித்து ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். வண்டு வந்த அரிசியைப் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம். வண்டு என்றதும் மூட்டையோடு கொட்டுவதும் ஒரு வீண்தான்.

நல்லதை நாளைக்கு என்று ஒதுக்குவது

இந்தத் தவறை யாரும் தவறாகவே எண்ணுவதில்லை. கிடைக்காத காலத்தில் நல்ல பழம் ஒரு கிலோ கிடைத்துவிட்டது. வீட்டில் என்ன நடக்கும்? லேசாக அடிபட்டதை முதலில் சாப்பிடுவோம். நல்லதை நாளைக்கு என்று எடுத்து வைப்போம். நாளைக்குள் அதிலும் ஒன்று கனிந்து கருத்திருக்கும். அதைச் சாப்பிடுவோம். கடைசிவரை நல்ல பழம் ஒன்றுகூடச் சாப்பிட்டிருக்க மாட்டோம். அடிபட்டதை முதலில் எடுப்பதில் பிழையில்லை, ஆனால் அன்றைக்கே அதை வெட்டிச் சமைத்தோ உறையவைத்தோ முடித்துவிட்டு, நல்லதையும் அதன் பருவத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்தும் நிற்காமல் 1954 வரை நீண்டது. உணவை வீணாக்குவதையே குற்றமாக்கிச் சட்டம்கூடப் போட்டார்கள். எனக்குச் சட்டத்தைவிட ஈர்ப்பாகத் தெரிவது வாரப் பங்கு என்ற முறைதான். இந்த வாரத்துக்கு உரியது இவ்வளவு, அடுத்த வாரத்துக்கு வேறு வரும். வீட்டிலும் அப்படிச் செய்து பார்க்கலாம். இருப்பு முழுவதையும் வாரக் கணக்கில் பிரித்து, இந்த வாரப் பங்கை மட்டும் சமையலறையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால், மூட்டையைப் பார்த்துத் தாராளமாக அள்ளுவதும் நடக்காது, பயந்து தொடாமல் கெடவிடுவதும் நடக்காது.

ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

ஃப்ரிட்ஜ் கெடுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. உள்ளே 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும், ஃப்ரீசர் −18 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜை மூச்சுவிட முடியாதபடி திணித்தால் குளிர்ந்த காற்று சுற்றி வராது. ஃப்ரீசர் இதற்கு நேர்மாறு, நிறைந்திருந்தால்தான் குளிர் நன்றாக நிற்கும். கதவுப் பக்கம்தான் அதிகம் சூடாகும் இடம். பாலை அங்கே வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். ஊறுகாய், சாஸ் எல்லாம் கதவில் இருந்துகொள்ளட்டும்.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைப்பது பலருக்குப் பழக்கம். குளிரில் ரொட்டியின் மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிட வேகமாக இறுகும், அதனால்தான் காய்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு நாளில் தீராது என்றால் துண்டு துண்டாக ஃப்ரீசருக்கு அனுப்பிவிடலாம். வேண்டியபோது வேண்டிய துண்டை மட்டும் எடுத்துச் சூடாக்கினால் போதும்.

அடுத்து, சேரக் கூடாதவற்றைச் சேர்த்து வைப்பது. வாழை, ஆப்பிள், கனிந்த தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரையோ வெள்ளரியோ இருந்தால் அவை மஞ்சளித்து அழுகும். காயாக இருப்பதைப் பழுக்க வைக்க வேண்டும் என்றால் இதே வாயுவை நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு மூடினால் போதும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட வேண்டாம். உருளைக்கு இருட்டு வேண்டும், வெளிச்சம் பட்டால் பச்சையாகும். அந்தப் பச்சையும் கசப்பும் கிளைக்கோஆல்கலாய்டு நஞ்சு ஏறியதற்கு அடையாளம், வேகவைத்தாலும் அது போகாது. லேசாக முளைவிட்ட, ஆனால் கெட்டியாக இருக்கும் கிழங்கில் முளையையும் சுற்றியுள்ள கண்ணையும் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். சுருங்கிப் பச்சை பூத்ததை விட்டுவிடுங்கள்.

வாடிய கீரையை வீசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். வாடுவது வேறு, அழுகுவது வேறு. வாடிய இலை தண்ணீர் இழந்திருக்கிறது, அவ்வளவுதான். அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துவிடும். கொழகொழப்பும் நாற்றமும் வந்தால்தான் அது குப்பை.

தேதியைத் தப்பாகப் படிப்பது

பாக்கெட்டில் உள்ள தேதி எல்லாம் ஒன்றல்ல. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்றால் அதற்குப் பிறகு சுவையோ மொறுமொறுப்போ குறையலாம் என்று பொருள். பிஸ்கட், பாஸ்தா, டின் உணவு எல்லாம் அந்த வகை. டின் உப்பாமலும் கசியாமலும் துருப்பிடிக்காமலும் இருந்தால் தேதி தாண்டியும் பயன்படுத்தலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்புக் கணக்கு. இறைச்சி, மீன், சமைத்து அடைத்த உணவு போன்றவற்றில் அது இருக்கும். அதை மதித்துத்தான் ஆக வேண்டும். தேதி நெருங்குகிறதா, அதற்கு முன்பே ஃப்ரீசரில் போட்டுவிடலாம்.

வீணாகக் கூடாது என்று கெட்டதைச் சாப்பிடுவது

இங்கேதான் சிக்கனம் ஆபத்தாகிறது. மருந்தும் மருத்துவரும்கூட எளிதில் கிடைக்காத காலத்தில் ஒரு வேளைச் சோற்றைக் காப்பாற்றப் போய் வீடே வயிற்றுப்போக்கில் படுப்பது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

மீந்த சோற்றை எடுத்துக்கொள்வோம். ‘நன்றாகச் சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும்’ என்பார்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் தப்பிவிடும். சோறு வெளியில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. முகர்ந்து பார்த்தாலும் தெரியாது. ஆகவே சமைத்த உணவு எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக் கூடாது, வெயில் காலத்தில் 32 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம்தான். முழுக்க ஆறட்டும் என்று இரவெல்லாம் அடுப்பு மேலேயே விட்டுவிடுவது பலர் வீட்டு வழக்கம். அப்படி விடாமல் அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பரப்பினால் சீக்கிரம் ஆறும், ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். மீந்ததை மூன்று நான்கு நாளுக்குள் தீர்க்க வேண்டும். சூடாக்கும்போது நடுவிலும் ஆவி பறக்க வேண்டும், ஒரு முறைதான் சூடாக்க வேண்டும். எடுக்கிற அளவை மட்டும் சூடாக்குங்கள்.

பூசணம் விஷயத்தில் ஒரு எளிய பிரிவினை போதும். கேரட், முட்டைக்கோஸ், கெட்டியான சீஸ் போன்ற இறுகிய பொருளில் ஓரிடத்தில் மட்டும் பூத்திருந்தால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். ரொட்டி, ஜாம், தயிர், மென்மையான பழம், சமைத்த உணவு என்றால் முழுதும் போக வேண்டியதுதான். பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். நிலக்கடலையிலும் தானியத்திலும் பூசணம் வந்தால் பேச்சே வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தபோது தீவனத்தில் இருந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வீட்டில் வறுப்பதாலோ வேகவைப்பதாலோ அதை நம்பி ஒழிக்க முடியாது.

இன்னொன்று, தட்டுப்பாட்டில் திடீரென்று எல்லோரும் பதப்படுத்தும் நிபுணர்கள் ஆகிவிடுவது. பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைப்பது, வேகவைத்த காய்கறியைப் பாட்டிலில் அடைத்து மூடுவது இரண்டும் ஆபத்து. காற்றில்லாத, புளிப்பில்லாத இடம்தான் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமிக்குப் பிடித்த வீடு. பழக்கமில்லாதவர்கள் உலர்த்துவதோடும் உறையவைப்பதோடும் நின்றுகொள்வது நல்லது.

பழைய அளவிலேயே சமைப்பது

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். ஒரு வேளைக்கு எத்தனை டம்ளர் அரிசி என்பதைக் கை பழக்கத்தில் போடாமல் ஒரு வாரம் அளந்து போட்டுப் பாருங்கள், யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். குறைவாகப் பரிமாறி, வேண்டுபவர்கள் மறுபடி வாங்கிக்கொள்ளட்டும். தட்டில் எச்சில் பட்டது மீளாது, பாத்திரத்தில் இருப்பது நாளைக்கு ஆகும்.

மின்சாரம் போனால் உடனே கதவைத் திறந்து பார்ப்பதும் ஒரு தவறு. திறக்காத ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். அடிக்கடி போகும் இடம் என்றால் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துக் காலி இடங்களில் அடைத்துவிடலாம்.

கடைசியாக, என் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வீசுவதை எல்லாம் அதில் எழுத வேண்டும், என்ன, ஏன் என்று இரண்டே சொல்லில். முதல் மாதம் பார்த்தபோது மாவும் பாலும்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன். ஐந்து முறை எழுதியிருந்தது ‘பாதி எலுமிச்சை’. இப்போது ஒரு பாதியைப் பிழியும்போதே மற்றதையும் பிழிந்து ஐஸ் தட்டில் ஊற்றிவிடுகிறேன்.