ஃப்ளோரன்ஸ்: வரிசையில் நிற்பவர்கள் கோட்டை விடும் இடங்கள்

அதிகம் பேர் போகாத இடம் என்றாலே ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. டேவிட் சிலையைப் பார்க்க அக்காடெமியா அருங்காட்சியக வாசலில் கால் கடுக்க நிற்கிறோமே, அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான் இன்னொசென்டி குழந்தைகள் காப்பகம். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1419-ல் கட்டத் தொடங்கியது. முதல் குழந்தை வந்தது 1445-ல். வருபவர்கள் தூண் வரிசையையும், நீல வட்டங்களுக்குள் துணி சுற்றிய குழந்தைச் சிற்பங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர். திறந்தால் பாதியாக வெட்டிய நாணயம், பாதிப் பதக்கம். மற்ற பாதி, பிள்ளையை விட்டுப்போனவர்களிடம். என்றைக்காவது திரும்பி வந்தால் பொருத்திக் காட்டத்தானே! உஃபிஸி ஓவியக்கூடத்தில் பார்த்த ஓவியங்கள் எனக்கு ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. இந்த அரைக்காசு மறக்கவில்லை.

அடுத்தது நேரம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் போகலாம் என்றால் பல தேவாலயங்கள் பூட்டிக் கிடக்கும். சின்ன அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும் என்று நம்பவே கூடாது. போகிற வாரத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சான் மார்கோ மடத்துக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. அங்கே மாடிப்படி முடிகிற இடத்தில் துறவியும் ஓவியருமான ஃப்ரா ஆஞ்சலிகோவின் பெரிய ஓவியத்தைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். அதைத் தாண்டித்தான் துறவிகளின் அறைகள். நாற்பதுக்கு மேல், அறைக்கு ஒரு சுவரோவியம்.

பக்கத்திலேயே சான்டா அப்போலோனியா என்ற பழைய கன்னிமடம். 1447-ல் கஸ்டாஞோ என்ற ஓவியர் வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு அங்கே இருக்கிறது. காட்டிக்கொடுத்த யூதாஸ் மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம், தனியாக. அவன் தலைக்கு மேலே சுவர்ப் பளிங்கில் மின்னல் வெட்டியதுபோலக் கோடுகள்.

மாலையில் ஊரைப் பார்க்கக் குன்றின் மேல் ஏறி, மைக்கலாஞ்சலோ சதுக்கத்தோடு நின்றுவிடுவதும் தவறுதான். இன்னும் கொஞ்சம் ஏறினால் 1018-ல் கட்டத் தொடங்கிய சான் மினியாட்டோ தேவாலயம். அதே ஊர், அதே சூரிய அஸ்தமனம், செல்ஃபி குச்சிகள் குறைவு.

ஒரே ஓர் இடம் மட்டும் நிஜமாகவே தூரம். காஷினே பூங்காவின் மேற்குக் கோடி. நடந்து போகாதீர்கள், பூங்காவே 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். கோலாப்பூர் மகாராஜா ராஜாராம் இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில் 1870-ல் இந்த ஊரில் இறந்துபோனார். வயது 20. ஆர்னோ ஆறும் முன்யோனே ஆறும் சேரும் கூடுதுறையில், தனி அனுமதி வாங்கி, இந்து முறைப்படி எரியூட்டினார்கள். நான்கு வருடம் கழித்து அங்கே ஒரு மண்டபம் எழுப்பினார்கள். அதற்குள் தலைப்பாகையோடு, வண்ணம் தீட்டிய மார்பளவுச் சிலை. பக்கத்தில் ஆற்றைக் கடக்கிற பாலத்தை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் 'இந்தியர் பாலம்' என்றுதான் சொல்கிறார்கள்.