'பழமை'க்குப் பொருள் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல்லாய்வுக்குப் புதிதாக வந்தவர்களின் கட்டுரைகளைச் சில மாதங்களாகத் திருத்திவருகிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது 'பழமை'யில்தான். எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்த பொருள் என்ற நம்பிக்கை. தொடக்கக் காலத்தில் எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நான் விழுந்த அதே குழிகளில் அவர்களும் விழுவதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. ழகர ளகர மயக்கத்தை இங்கே எடுக்கப்போவதில்லை. அதை மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிடுபவையே ஆபத்தானவை.

இன்றைய பொருளைக் குறளுக்குள் திணிப்பது

திருக்குறளின் 81ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'பழைமை'. பழம்பொருள்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். "தொன்மையைப் போற்றவே வள்ளுவர் பத்துக் குறள்களை ஒதுக்கினார்" என்று தொடங்கினேன். அதிகாரத் தலைப்பைப் பார்த்தேனே தவிர, அதன் கீழே உள்ள பத்தில் ஒன்றைக்கூட நின்று படிக்கவில்லை. மலர் அச்சாகி வந்த பிறகு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்துவைத்துத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல் எழுதியிருந்தார்: 'நட்பு'.

அவ்வளவுதான் விஷயம். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று நட்பைப் பற்றிய அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் இருப்பது இது. "பழைமை எனப்படுவது யாதெனின் யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு" என்று முதல் குறளிலேயே வள்ளுவர் பொருளைச் சொல்லிவிடுகிறார். நெடுநாள் பழகியவர் உரிமையோடு ஒன்றைச் செய்தால் அந்த உரிமையைச் சிதைக்காமல் ஏற்றுக்கொள்வதே அங்கே பழைமை. அவர் நோகும்படி எதையாவது செய்துவிட்டால், அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள் என்கிறது 805ஆம் குறள். கடைசிக் குறளில் வரும் 'பழையார்' முன்னோர் அல்லர், பழைய நண்பர்கள். கோவிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

மலரின் எல்லாப் பிரதிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. ஒட்டியவர்களில் நானும் ஒருவன். பசை காயும்வரை பக்கத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் என் வாக்கியம் என்னைப் பார்த்தது. போன வாரம் வந்த ஒரு கட்டுரையிலும் ஏறக்குறைய அதே வாக்கியம். எரிச்சல் வந்தது. உரையைத் திறக்க ஐந்து நிமிடம் போதும். தலைப்பை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவது வள்ளுவருக்குச் செய்யும் அநீதி.

பழத்தையும் பழையதையும் ஒட்டவைப்பது

'பழம்போல் இனிக்கும் மொழி பழமொழி' என்று எழுதுகிறார்கள். அழகாக இருக்கிறது, உண்மையாக இல்லை. சந்தியைக் கேளுங்கள், அது சொல்லிவிடும். கனியைக் குறிக்கும் பழம் வல்லினத்தோடு சேரும்போது வல்லினம் இரட்டிக்கும்: பழச்சாறு, பழத்தோட்டம், பழக்கடை. பழையதைக் குறிக்கும் 'பழ' சேரும்போது இடையில் மெல்லினம் தோன்றும்: பழஞ்சோறு, பழந்தமிழ், பழங்கதை. பழச்சாறும் பழஞ்சோறும் ஓர் ஒற்றால் பிரிந்து நிற்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காது கண்டுபிடித்துவிடும்.

மகரத்துக்கு முன்னால் இந்த வேறுபாடு மறைகிறது. பழமரமும் பழமொழியும் ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் ஏமாற்றம். மலையாளத்தில் பழமொழியைப் பழஞ்சொல் என்பார்கள். சகரம் வந்ததும் ஞகரம் எட்டிப்பார்த்து உண்மையைச் சொல்லிவிடுகிறது. கன்னடத்தில் கனி 'ஹண்ணு', பழையது 'ஹளெய'. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது.

கிரேக்கத்துக்கு ஓடுவது

கிரேக்கத்தில் 'பலையோஸ்' என்றால் பழைய. உடனே உறவு கொண்டாடிவிடுகிறார்கள். ஒரு சொல் ஒத்துப்போவது சான்றாகாது; ஒலிமாற்றம் வரிசையாக நிகழ வேண்டும். தமிழின் பால், பல், பழைய ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹளெய. பகரம் ஹகரமாவது ஒன்றில் அல்ல, சொல்லுக்குச் சொல் தொடர்கிறது. கிரேக்கத்தோடு அப்படி ஒரு வரிசையைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

பண்டும் பண்டமும்

பண்டு காலம், பண்டம் பொருள். சேர்க்காதீர்கள்.

'பழையன கழிதலும்'

"பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையி னானே" என்பது நன்னூலின் 462ஆம் நூற்பா, அதாவது கடைசி நூற்பா. குறளும் அல்ல, தொல்காப்பியமும் அல்ல. பவணந்தி பேசுவது சொல் வழக்கைப் பற்றி. வீட்டுச் சாமான்களை எரிக்க அவர் யாருக்கும் ஆணையிடவில்லை.

பழமையா, பழைமையா?

இரண்டும் சரி. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே எழுதுங்கள்.

வட்டார வழக்கைத் தவறு என்பது

கொங்கு வட்டாரத்தில் 'பழமை பேசுவது' என்றால் பழங்கதை சொல்வது அல்ல; உட்கார்ந்து அளவளாவுவது. ஒரு மாணவி தன் பாட்டியின் இந்த வழக்கைக் 'கொச்சை' என்று குறித்து அடித்துவிட்டிருந்தார். அடித்ததை நீக்கி, பக்கத்தில் 81ஆம் அதிகாரத்தின் எண்ணை எழுதிக்கொடுத்தேன்.