விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டால்: குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவரை வீட்டிலிருந்து காவலர்கள் அழைத்துச் சென்ற நேரம் ஒன்று. அவர் கைது செய்யப்பட்டதாக ஏட்டில் எழுதப்படும் நேரம் வேறொன்று. அடி, மிரட்டல், வெற்றுத்தாளில் கையெழுத்து ஆகிய அனைத்துக்கும் இடம் கொடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள, எந்தக் காகிதத்திலும் பதிவாகாத மணிநேரங்கள்தான். ஆகவே அந்த மணிநேரங்களுக்கு எழுத்துச் சான்றை உண்டாக்குவதே குடும்பத்தாரின் முதல் வேலை. பெரும்பாலானோர் தவறுவதும் இங்கேதான்.

"சும்மா விசாரணைதான், சாயங்காலம் அனுப்பிவிடுவோம்" என்ற சொல்லை நம்பி இரவு முழுவதும் நிலைய வாசலில் காத்திருப்பது முதல் தவறு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆவது பிரிவும் கூறுகின்றன. அழைத்துச் சென்ற நேரம், வந்தவர்களின் பெயர், வண்டி எண் ஆகியவற்றை உடனே குறித்துவைத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட வேண்டும். முன்பெல்லாம் வழக்கறிஞர்கள் தந்தி அடிக்கச் சொல்வார்கள். அதில் விழும் நேரமுத்திரை பின்னாளில் நீதிமன்றத்தில் பேசும். 2013இல் தந்திச் சேவை நின்றுபோன பிறகு அந்தப் பழக்கமும் போய்விட்டது, ஆனால் அதன் தேவை போகவில்லை. மேலும், ரிமாண்ட் ஆணை, அதாவது காவலில் வைக்கச் சொல்லும் நடுவரின் உத்தரவு, பிறந்துவிட்டால், ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு பொதுவாக நிலைக்காது என்பதால், காத்திருந்து கழித்த இரவு பிறகு திரும்பக் கிடைப்பதில்லை.

அழைப்பாணையைப் படிக்காமலே புறப்படுவதும், அதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் ஒரே அளவு ஆபத்தானவை. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதற்கான காரணத்தைக் காவல்துறை எழுத்தில் காட்ட வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கைது தேவைப்படாதபோது, ஆஜராகச் சொல்லி அதே சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி அறிவிப்பு தர வேண்டும். அதற்குக் கட்டுப்பட்டு ஆஜராகி வருபவரைப் பிறகு கைது செய்வதற்கும் காரணம் எழுதியாக வேண்டும். ஆஜராகாதிருப்பதோ கைதுக்கு வழிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பை முறைப்படி கொடுக்கப்பட்ட அறிவிப்பாகக் கொள்ள முடியாது. சாட்சியாக மட்டும் அழைக்கப்படும் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது கையெழுத்து. விசாரணையில் காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையொப்பமிடத் தேவையில்லை என்று சன்ஹிதாவின் 181ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதலும் சாட்சியமாகாது. ஆனால் அந்தப் பேச்சின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவோம் என்ற வாக்குறுதிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த விதிவிலக்குதான். கையெழுத்திட வேண்டிய தாள் ஒன்று உண்டு: கைதின் நேரத்தையும் தேதியையும் பதியும் கைதுக் குறிப்பாணை. நேரமும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதில் ஒப்பமிட வேண்டும். குடும்பத்தவர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாக ஒப்பமிட வேண்டும் என்பது 1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுக்கப்பட்ட நெறி. கைதுக்கான ஆதாரக் காரணங்களை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகவேனும் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, நடுவர் முன் மௌனமாக நிற்பது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அரசு மருத்துவமனை, நடுவர், கோவில்பட்டிக் கிளைச்சிறை என்று மூன்று வாசல்களைக் கடந்தார்கள். ஒவ்வொரு வாசலும் அவர்களைக் காப்பாற்றியிருக்கக் கூடியது. காவல் நிலையத்தில் தாக்கப்பட்டிருந்த இருவரும் ஜூன் 22, 23 தேதிகளில் இறந்தார்கள். உடன் வரும் காவலர் பக்கத்தில் நிற்கும்போது வாய்திறப்பது எளிதல்ல என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், அடித்தார்களா என்ற நடுவரின் கேள்விக்கு "இல்லை" என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு உடலில் உள்ள காயத்துக்குக் கழிவறையில் வழுக்கி விழுந்த கதையே விளக்கமாகிவிடும். ஆகவே வழக்கறிஞர் இல்லாமல் அந்த அறைக்குள் போக விடக்கூடாது. பணமில்லை என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம்: ரிமாண்ட் கட்டத்திலேயே இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம், 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கிடைக்கும். காயங்களைப் பதிவு செய்யவும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பவும் அங்கேயே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

மாவுக்கட்டோடு நிற்பவரின் படத்தைப் பகிர்ந்து பாராட்டும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே எலும்பு முறிவதைக் கொண்டாடும் சமூகம், அடுத்த முறை தவறான ஆளைப் பிடித்துவந்தாலும் கேள்வி கேட்கும் இடத்தை இழந்துவிடுகிறது.

கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதும் தவறு. பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் தினமும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அந்த மரணங்களை விசாரிக்கச் சென்ற நடுவர் கண்டறிந்தார். எனவே நாள், நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை முதல் வாரத்திலேயே நீதிமன்றத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று நாள்காட்டியைச் சார்ந்தது. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. ஆனால் அது தானாகக் கிடைக்காது. கெடு முடிந்தபின், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு போட்டிருக்க வேண்டும், போடாமல் இருந்து மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாட்களை எண்ணத் தொடங்க வேண்டியது கைதான தேதியிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து. அந்தத் தேதியும் அதில் சேரும்.